சங்கரி சொன்ன புத்தகம்

சன்னலோரம் நீயே இரு தாயி. எனக்கு எங்கிட்டு உக்காந்தாலும் ஒண்ணுதான். ஒனக்கு வெளிச்சம் வேணும்ல, படிக்கிறதுக்கு. ஓடுற பஸ்ஸுல படிச்சா தல சுத்தாதா? எம்மவளும் இப்படித்தான். சங்கரேஸ்வரின்னு பேரு, சங்கரின்னு கூப்பிடுவோம். பஸ்ஸுல படிப்பா, அடுப்படியில படிப்பா, தண்ணி லாரிக்குக் கொடத்த வரிசையில வச்சுட்டு அங்கனயே நின்னு படிப்பா. இப்ப அவ வீட்டுக்குப் போயிட்டுத்தான் வாரேன். சாத்தூர்ல இருக்கா. எந்தம்பிக்குத்தான் கட்டிக் குடுத்திருக்கேன். கூடப் பொறந்த தம்பி. வெளியில குடுத்தா என்ன மாதிரி ஆளுகளோ, நமக்கென்ன தெரியும்? இவன் நம்ம பய. ஒரு கொறையும் இல்ல.

ஒரு கொறையும் இல்ல. அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

நீ படி. நான் பேசுறது தொந்தரவா இருந்தா சொல்லிரு. என்ன, மூடி வச்சுட்ட? சரி. சிவகாசி போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு. யார்கிட்டயும் நான் இத முழுசாச் சொன்னதில்ல.

நான் நோட்டுக் கம்பெனியில அட்டை ஒட்டுறேன். இருபது வருசமா ஒட்டுறேன். ஆனா அதுல எழுதவும் தெரியாது, எழுதுனதப் படிக்கவும் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவேன், மாரிக்கனின்னு. சங்கரியோட அப்பா, அவளுக்கு ஆறு வயசா இருக்கையில ரோட்டுல அடிபட்டுப் போய்ச் சேந்துட்டாரு. அப்ப எந்தம்பி கதிரேசன் காலேஜுக்குப் போகப் போறேன்னு நின்னுக்கிட்டு இருந்தான். போகல. ஒர்க் ஷாப்புல சேந்து கிரீஸுல கைய விட்டவன்தான். எங்க ரெண்டு பேத்துக்கும் சோறு போட்டது அவன். சங்கரியப் பள்ளிக்கூடத்துல சேத்தது அவன். பொருட்காட்சிக்குத் தோள்ல தூக்கிட்டுப் போனது அவன். அவனுக்கு வேற எடத்துல பொண்ணு வந்துச்சு, ரெண்டு மூணு. ‘அக்கா, நீயும் புள்ளையும் என்ன பண்ணுவீங்க’ன்னு தட்டிக் கழிச்சுட்டான். அப்படிப்பட்டவனுக்கு நான் என்ன செய்யணும்? நீயே சொல்லு. அவ சமஞ்ச அன்னிக்கே நான் மனசுல முடிவு பண்ணிட்டேன். மொறைதானே? ஊர்ல நடக்காததா?

அவளும் சொல்லாம இல்ல. பன்னெண்டாவது போன புதுசுல ஒருநா, பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கேன், பின்னாடி வந்து நின்னுக்கிட்டு, ‘எனக்கு மாமா வேண்டாம்மா’ங்கிறா. தண்ணி வர்ற நேரம், கொழாயில சத்தம் வேற. ‘போடி, போய்ப் படி’ன்னேன். கலியாணத்துக்கு முன்னால எல்லாப் புள்ளையும் சொல்றதுதான். நானே சொன்னேன், என்னையக் கட்டிக் குடுக்கையில. எங்கம்மா காதுல போட்டுக்கல. நான் வாழலையா?

இன்னொரு தடவையும் சொன்னா, தீவாளிக்கு முன்னால. அன்னிக்கு எனக்கு அழுகை வந்துருச்சு. ‘எந்தம்பி மூஞ்சியில நான் எப்படிடி முழிப்பேன், அவன் ஒனக்கு என்ன கொறை வச்சான்’னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன். ஓடி வந்து கையப் பிடிச்சுக்கிட்டா. ‘அடிக்காதம்மா, அடிக்காத, நான் சொல்லல, ஒண்ணும் சொல்லல’ன்னா. அதோட அந்தப் பேச்சு நின்னு போச்சு. சரி, புத்தி வந்துருச்சுன்னு நெனச்சேன்.

அப்புறம் தை மாசம். ‘அம்மா, பள்ளிக்கூடத்துல விழா, பெத்தவுக வரணும், நான் பேசப் போறேன்’னு வந்து நின்னா. அவ பள்ளிக்கூடத்துல அருள்மேரி டீச்சர்னு ஒரு தமிழ் டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்குப் புள்ளைகள வட்டமா உக்கார வச்சு, அது அது படிச்ச புத்தகத்தப் பத்திச் சொல்லச் சொல்லுவாக. கதைய ஒப்பிக்கக் கூடாதாம். படிக்கையில ஒனக்கு என்ன ஆச்சு, அதச் சொல்லணுமாம். அதத்தான் வருசக் கடைசியில பெத்தவுக முன்னால சொல்ல வச்சாக.

‘நீ கண்டிப்பா வரணும்மா’ன்னு நாலு நாளாச் சொன்னா. ‘வேற யாரு வராட்டியும் நீ வரணும்.’ எனக்கு என்ன பெருமை தெரியுமா! அரை நாள் லீவு சொல்லிட்டு, மாம்பழக் கலர்ல ஒரு சேலை இருக்கு, அதக் கட்டிக்கிட்டுப் போனேன். கையில பசை காஞ்சு போயிருந்துச்சு, கல்லுல தேச்சுத் தேச்சுக் கழுவிட்டுப் போனேன். மூணாவது வரிசையில எடம்.

மொதல்ல ஒரு சின்னப் புள்ள வந்துச்சு. பாம்பப் பத்தி ஒரு புத்தகம் படிச்சுச்சாம். அதுலருந்து அவுக அப்பாவ வீட்டுப்பக்கம் வர்ற பாம்ப அடிக்க விடுறது இல்லையாம். கம்பத் தூக்குனா குறுக்க போய் நின்னுக்கிருமாம். அவுக அப்பா எனக்குப் பின்னாடிதான் இருந்திருக்காரு. எந்திரிச்சு, ‘டீச்சர், இதுக்கு வேற புத்தகம் குடுங்க, நான் தெனமும் கட்டில் மேலதான் கால வச்சுக்கிட்டு இருக்கேன்’னாரு. சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அடுத்து ஒரு பொண்ணு, பர்வீன்னு, சங்கரியோட சேக்காளி. அது படிச்ச புத்தகத்துல கடைசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சு கெடந்துச்சாம். அதுல வர்ற கப்பல்காரன் ஊரு திரும்புனானா இல்லையான்னு தெரியாம மூணு நாள் சோறு எறங்கலையாம். இன்னொண்ணு ஜெயில்ல இருந்த ஒரு மனுசனோட கதையப் படிச்சிட்டு, வீட்டுக் கிளியக் கூண்டத் தொறந்து விட்டுருச்சாம். கிளி போகலையாம், கூண்டு மேலயே உக்காந்துக்கிட்டு இருந்துச்சாம். அந்தப் புள்ள சொல்றப்பவே அழுதுருச்சு. எனக்கு ஒரே ஆச்சரியம். நான் ஒட்டுற அட்டைக்குள்ள வெறும் கோடுதான் இருக்கும். எழுத்து இருந்தா இம்புட்டுப் பண்ணுமான்னு.

அப்புறம் எம்மவ வந்தா.

மைக்கப் பிடிச்சுக்கிட்டு, ‘நான் படிச்ச புத்தகத்துல ஒரு பொண்ணு இருக்கா, அவளுக்குப் பேர் இல்ல’ன்னு ஆரம்பிச்சா. பேரில்லாம எப்படிக் கூப்பிடுவாகன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணுக்கு அப்பா கெடையாது. அம்மா மட்டும்தான். அம்மான்னா அவளுக்கு உசுரு. ஒரு மாமா இருக்காரு, அம்மாவோட தம்பி. பலசரக்குக் கடை வச்சிருக்காரு. அந்தப் பொண்ணுக்கு மூக்குச் சிந்தி விட்டது அவரு, சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தது அவரு. ‘அவர் கெட்டவர் இல்ல, கெட்டவரா இருந்தா அந்தப் பொண்ணுக்கு எளிதா இருந்திருக்கும்’னா. அப்படியே சொன்னா, எனக்கு இன்னும் காதுல நிக்குது. ‘அப்பா மாதிரி நெனச்ச ஒருத்தரப் புருசனா நெனைக்கச் சொல்றாங்க. அவளால நெனைக்க முடியல. அம்மாகிட்டச் சொன்னா, அம்மா காதுல விழல. திரும்பச் சொன்னா, அம்மா அழுதாங்க. அம்மா அழுதா அந்தப் பொண்ணால தாங்க முடியாது. அதனால அவ வாய மூடிக்கிட்டா.’



‘எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவம் கோவமா வந்துச்சு’ன்னா சங்கரி. ‘பக்கத்த மூடி வச்சுட்டு அவகிட்டப் பேசுனேன். சொல்லு, இன்னும் ஒரே ஒரு தடவ சொல்லு, இந்தத் தடவ கேப்பாங்கன்னு.’

எனக்கு அழுகைய அடக்க முடியல தாயி. பக்கத்துல இருந்த பொம்பளையும் மூக்க உறிஞ்சிக்கிட்டு இருந்தா. ‘பெத்தவ கல்லு நெஞ்சுக்காரி போல’ன்னு நாந்தான் அவகிட்டச் சொன்னேன். என் வாயால சொன்னேன்.

நீ பாக்குற பார்வ தெரியுது. இவளுக்குப் புரியலையான்னு நெனைக்கிற. எனக்கு எப்படிப் புரியும்? அந்தக் கதையில வர்றவரு பலசரக்குக் கடை. எந்தம்பி ஒர்க் ஷாப்பு வச்சிருக்கான். அதுல சைக்கிளு. எந்தம்பி இவளுக்கு டிவிஎஸ்தான் ஓட்டக் கத்துக் குடுத்தான். புத்தகத்துல ஆயிரம் வரும். ஒரு நிமிசம் சுருக்குன்னுச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். அவ புத்தகம்னுதானே சொன்னா? டீச்சரு பக்கத்துல நின்னுக்கிட்டு இருக்காக. அவுகளே புத்தகம்னுதான் நெனச்சாக.

கடைசியில அவ பேச்ச நிறுத்திட்டு என்னையவே பாத்தா. அத்தன பேர்ல என்னைய மட்டும். வாயத் தொறந்தா, ஒண்ணும் வரல. பயந்துட்டா போலன்னு நெனச்சு நான் கையத் தூக்கிக் காட்டுனேன். சிரிச்சேன். கண்ணத் தொடச்சுக்கிட்டே நல்லாச் சிரிச்சு, ‘நல்லா இருக்கு, நல்லா இருக்கு’ன்னு கையக் காட்டுனேன். அவ என்னையவே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் ‘நன்றி, வணக்கம்’னுட்டு எறங்கிட்டா.

மண்டபம் அதிர்ற மாதிரி கை தட்டுனாக. முதல் பரிசு அவளுக்குத்தான்.

வர்ற வழியில கடையில உக்கார வச்சு ரோஸ் மில்க் வாங்கிக் குடுத்தேன். எனக்கு அந்தப் புள்ள நெனப்பாவே இருந்துச்சு. ‘ஏம்மா, அந்தப் பொண்ணு கடைசியில என்ன ஆச்சு?’ன்னு கேட்டேன்.

‘புத்தகம் அதோட முடிஞ்சிருச்சும்மா’ன்னா.

‘இது என்ன புத்தகம்? கட்டுனாளா இல்லையான்னு சொல்ல வேண்டாமா?’

கிளாஸக் கீழ வச்சுட்டு, ‘நீ என்னம்மா சொல்ற? அவ கட்டிக்கணுமா?’ன்னு கேட்டா.

‘ஐயோ, பாவம், வேண்டாம்’னேன். ‘மனசு ஒப்பாம எப்படி இருப்பா?’

அவ மூஞ்சி அப்படியே மலந்துச்சு. என் கையப் பிடிச்சுக்கிட்டா. சில்லுன்னு இருந்துச்சு கை. ‘நெசமாவாம்மா?’ங்கிறா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘அது கதைம்மா. கதையில எப்படி வேணா வைக்கலாம். வீடுன்னா நாலையும் பாக்கணும்ல’ன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. சுருக்குன்னுச்சுன்னு சொன்னேன்ல, அது மறுபடி வந்துச்சு. சட்டுன்னு அப்படி ஒரு வார்த்த வந்துருச்சு.

கைய எடுத்துக்கிட்டா. மிச்ச ரோஸ் மில்க்க அப்படியே வச்சுட்டா.

பரீட்சையில நல்ல மார்க்கு. டீச்சர் வீட்டுக்கே வந்து காலேஜுல சேக்கச் சொன்னாக. ‘எந்தம்பி படிக்க வைப்பான், தபால்ல படிக்கட்டும்’னுட்டேன். பதினெட்டு முடிஞ்சுச்சு, ஆவணியில முகூர்த்தம். மணவறையில குனிஞ்ச தல நிமிரல. அடக்கமான புள்ளைன்னு எங்க சாதி சனமெல்லாம் சொல்லிட்டுப் போனாக.

கலியாணம் முடிஞ்சு மறுவாரம் போறேன். வாசல்ல நின்னு, ‘வாங்க’ங்கிறா.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. பொறந்ததுலருந்து என்னைய வா, போன்னு பேசுன புள்ள. ‘ஏம்மா, எங்க போய்த் தொலஞ்ச, பசிக்குது’ன்னு கத்துற புள்ள. ‘வாங்க. உக்காருங்க. காப்பி குடிக்கிறீங்களா?’ வெளையாடுறாளோன்னு மூஞ்சியப் பாத்தேன். இல்ல. அன்னியிலருந்து இன்னி வரைக்கும் நீங்கதான். மரியாதை கொடுக்குறா, அதுல நான் என்ன தப்புச் சொல்ல முடியும்? கேட்டா, ‘பெரியவங்கள அப்படித்தான கூப்பிடணும்’ங்கிறா.

வீடு பளிச்சுன்னு இருக்கும். சமையல் ருசியா இருக்கும். புத்தகம்தான் ஒண்ணுகூடக் கெடையாது. எந்தம்பி ஒருநா கம்பெனிக்கே வந்துட்டான். வெளிய கூப்பிட்டு, ‘அக்கா, அவ என்னைய மாமான்னு கூப்பிட்டு ஆறு மாசம் ஆச்சு. எதையும் இல்லேங்க மாட்டா. சிரிக்கவும் மாட்டா. நாம தப்புப் பண்ணிட்டமோ’ன்னான். முப்பது வயசு ஆம்பள, ரோட்டுல நின்னு கண்ணத் தொடைக்கிறான். நான் ஏசி விட்டேன். ‘சின்னப் புள்ளடா, போகப் போகச் சரியாயிரும். அவளுக்குப் பிடிச்சத வாங்கிக் குடு’ன்னேன்.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. அவளுக்குப் பிடிச்சது அந்தப் புத்தகம்ல? அன்னிக்கு எப்படிப் பேசுனா! அத வாங்கிட்டுப் போய்க் கையில குடுத்தா மூஞ்சி மாறும்னு நெனச்சேன். போன வியாழக்கிழமை லீவு போட்டுட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயி, டீச்சர்கிட்ட கேட்டேன். ‘அந்தப் பேரில்லாத பொண்ணு கதை எந்தக் கடையில கெடைக்கும்? எழுதிக் குடுங்க, நான் காட்டி வாங்கிக்கிறேன்’னு.

டீச்சர் என்னையவே பாத்தாக. உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சாக. ‘அப்படி ஒரு புத்தகம் இல்லம்மா’ன்னாக.

‘தீந்து போச்சா?’ன்னேன்.

‘இல்லம்மா. யாரும் அப்படி ஒண்ணு எழுதல. நானும் மத்தப் புள்ளைகளுக்குக் குடுக்கலாம்னு தேடுனேன். கெடைக்கல. கலியாணமெல்லாம் முடிஞ்ச பெறகுதான் பர்வீன் வந்து சொன்னா, சங்கரியே எழுதுன கதைன்னு. புத்தகத்துல வர்ற மாதிரி சொன்னாலாவது எங்கம்மா கேப்பாங்கன்னு அவகிட்டச் சொன்னாளாம்.’ டீச்சர் அழுகுறாக. ‘மொதல்ல கை தட்டுனது நான்மா. பேசுறது நல்லா இருக்கேன்னு பாத்தேன், என்ன பேசுறான்னு பாக்கல’ங்கிறாக.

பர்வீன் குடுத்துட்டுப் போன நோட்ட எடுத்தாக. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, அவுகளே படிச்சுக் காட்டுனாக. அன்னிக்கு அவ பேசுனது எல்லாம் இருந்துச்சு, ஒரு எழுத்து மாறாம. அதுக்குக் கீழ ஒரு வரி மட்டும் மிச்சம் இருந்துச்சு. டீச்சர் அத மெல்லத்தான் படிச்சாக. ‘அம்மா, இது புத்தகம் இல்ல, அந்தப் பொண்ணு நான்தான்.’

இந்த வரிய மட்டும் அவ மேடையில சொல்லல.

நான் கையக் காட்டுனேன் பாரு. சிரிச்சுக்கிட்டே.

வியாழக்கிழமையிலருந்து எனக்கு மனசு ஒரு நெலையில இல்ல. இன்னிக்குக் காலையில மொத பஸ்ஸுக்கே போயிட்டேன். கதிரேசன் ஒர்க் ஷாப்புக்குப் போயிட்டான். அவ அவரைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தா. ‘வாங்க’ன்னா. நான் உக்காரல. ‘டீச்சர் எல்லாம் சொல்லிட்டாக தாயி’ன்னேன். கத்தி நின்னுச்சு. நிமிந்து பாக்கல.

‘இப்படிச் சுத்தி வளச்சுச் சொன்னா எனக்கு எப்படிடி தெரியும்? படிக்காதவ நான். பெத்தவகிட்ட நேராச் சொல்லிருக்கலாம்ல?’

‘சொன்னேங்க’ன்னா. கோவமாக்கூடச் சொல்லல. ‘ரெண்டு தடவ சொன்னேன். அதுக்கப்புறம்தான் புத்தகம்னு சொன்னேன்.’

அவ கால்மாட்டுல உக்காந்துட்டேன். ‘இப்பச் சொல்லு தாயி. இன்னொரு தடவ சொல்லு. ஊரு என்ன வேணா பேசிட்டுப் போகுது, தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன், நீ சொல்லு, நான் கேக்குறேன்.’

என்னையப் பாத்தா. மேடையில நின்னு பாத்தாள்ல, அந்தக் கண்ணு இல்ல இது. எதையும் தேடல.

‘சொல்றதுக்கு ஒண்ணும் இல்லங்க’ன்னா. ‘மத்தியான பஸ்ஸுக்குப் போகணும்ல? சாப்பிட்டுட்டுப் போங்க.’

எல போட்டு விளம்புனா. அவரைக்காய்ப் பொரியல், ரசம், அப்பளம். நான் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தேன். ரெண்டாம் தடவ சோத்துக் கரண்டியத் தூக்கிட்டு வந்தா. வேண்டாம்னேன்.

எந்த வீட்டுலயும் அதுக்கப்புறம் ஒரு பேச்சு இருக்கும்ல? ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கோம்மா, என்னத்தச் சாப்பிட்ட’ன்னு. எம்மவ முன்னாடி அப்படித்தான், வேண்டாம் வேண்டாம்னாலும் தட்டுல கொட்டிட்டு ஓடுவா. இன்னிக்கு நான் ஒரே ஒரு தடவதான் சொன்னேன். வேண்டாம்னு.

உடனே கரண்டிய எடுத்துக்கிட்டா தாயி. ஒரு தடவ சொன்னதுமே கேட்டுக்கிட்டா.